முதலில் யாருடைய கையில் கொடுத்தேன்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. சென்ற வாரம் கடையிலிருந்து கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்குமான அரைத் தானியங்கி ரைபிளைத் தெரிவு செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினொரு உபதலைப்புகளும் ஓர் அட்டவணையும் கொண்ட ஒழுங்கான கட்டுரை. எல்லோரும் நன்றி சொன்னார்கள். சொன்ன வேகத்தைப் பார்த்தால் ஒருவரும் வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். துப்பாக்கிக் கவுண்டரில் இப்போது நீங்கள் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் நிற்கிறீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்கு மட்டும் தொற்றக்கூடிய ஒரு வருத்தம், நோய் என்றே வையுங்கள். ஆங்கிலக் கட்டுரையில் அதற்கு உபதலைப்பு கிடையாது. உங்களில் ஒருவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது தெரியும். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் அந்த வருத்தம் இருக்கும்.

கேட்டதற்காக முதலில் ரைபிளைப் பற்றிச் சில வார்த்தைகள்.

அரைத் தானியங்கியைக் கடையில் எல்லோரும் செமி என்போம். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றத் தேவையில்லை. விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகப் போகும். அதன் பெருமை அவ்வளவுதான். ஏன் செமி வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேளுங்கள். முதல் சூடு பிழைக்கும் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வந்தவர்தான் இரண்டாவது சூட்டின் வேகத்தைப் பற்றி நிறையக் கேட்பார். சட்ட விடயத்தில் உங்கள் நினைவை நம்ப வேண்டாம். போன வருடம் எங்கள் தட்டில் இருந்த ரைபிள் இந்த வருடம் தடைப்பட்டியலில் இருக்கும். பட்டியலை அன்றன்று பாருங்கள். வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம். அது அவருக்குப் பிடித்த மாதத்தில் எடுத்து வைத்தது. செமி அழுக்கைப் பொறுக்காது. ஆகவே வாங்குபவர் துடைத்து வைக்கிற ஆளா என்று தெரிய வேண்டும். நான் பார்க்கிங்குக்குப் போய் அவருடைய காரின் பின்சீற்றைப் பார்த்துவிட்டு வருவேன். பழைய ரைபிளை விற்க வருபவர் அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால், கேட்டபடி திருகாணிகளின் தலையைப் பாருங்கள். தலை சிதைந்திருந்தால் வரலாற்றில் ஓர் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது.

இன்னும் இரண்டு. ஓகஸ்ட் மாதம் ரீசேட்டோடு வந்து தோளில் வைத்துப் பார்த்து, அளவு சரி என்று வாங்குவார்கள். நவம்பரில் தடித்த கோட்டோடு காட்டுக்குள் நிற்கும்போது அதே ரைபிள் இரண்டு விரற்கடை நீளமாக இருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பார்க்கச் சொல்லுங்கள். உண்மையாகவே காட்டுக்குப் போகிறவர் மறுபேச்சில்லாமல் போய் எடுத்து வருவார். அடுத்தது, சாதாரண செமியில் வெற்றுத் தோட்டா வலப்பக்கமாகத் துள்ளி விழும். இடது தோளில் வைத்துச் சுடுபவருக்கு அது முகத்துக்குக் குறுக்கே பறக்கும். இடக்கைக்காரருக்கென்று சில செமிகள் செய்கிறார்கள். கடையில் இருக்காது, சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

இதெல்லாம் இரும்பைப் பற்றியது. இனி ஆட்களைப் பற்றி.

நான் இந்தக் கவுண்டருக்கு வந்தது துப்பாக்கி தெரிந்ததால் அல்ல, படிவம் தெரிந்ததால். கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்த காலத்தில் ஆறு பேருடைய அகதிப் படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு இந்தக் கடையில் கூடாரமும் தூண்டிலும் விற்றுக்கொண்டிருந்தபோது, துப்பாக்கிப் பதிவேட்டைப் பிழையில்லாமல் எழுத ஆளில்லை என்று என்னை இங்கே மாற்றினார்கள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன் துவக்கு விக்கிறார் என்று என் மச்சாள் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். பயந்தவன்தான் விற்க வேண்டும் என்று நான் பதில் சொல்வேன். அதை இன்றும் நம்புகிறேன்.

கடையின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது முதலாவது: லைசென்ஸைக் கண்ணால் காணும்வரை ரைபிளைக் கையில் கொடுக்கக்கூடாது. பதினான்கு வருடம் அந்த விதியை மீறியதில்லை. பாதிரியார் ஒருவர் வந்தபோதும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு எடுத்துக் காட்டினார். நான் சிரிக்கவில்லை.

பதினைந்தாவது வருடம் மீறினேன். அதுதான் கதை.

அதற்கு முன் உங்களுக்கும் தெரிந்த ஒரு விடயத்தை நினைவூட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் பெரிய சாமான் எதையும் தனியாக வாங்குவதில்லை. காரோ வீடோ தாலிக்கொடியோ, பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவார்கள். அவர்தான் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், ரயரை உதைப்பார், குறை சொல்வார். வாங்குபவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மரியாதை அது. ஆனால் இதே காட்சிக்கு எங்கள் கவுண்டரில் வேறு பெயர் இருக்கிறது. ஒருவர் பேசித் தெரிவு செய்கிறார், இன்னொருவர் லைசென்ஸை நீட்டுகிறார் என்றால், லைசென்ஸ் கிடைக்காதவருக்காகக் கிடைத்தவர் வாங்குகிறார் என்று பொருள். ஆங்கிலக் கட்டுரையில் நான்காவது உபதலைப்பு. உடனே நிறுத்த வேண்டும், விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஒக்ரோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை, மான் வேட்டைக்காலம் நெருங்கியதால் கடை நிறைந்திருந்த பின்னேரம், இரண்டு பேர் வந்தார்கள். பெயர்களை எழுதமாட்டேன். ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும், மெலிந்தவர், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். ஆடு வளர்ப்பவர் என்று பிறகு தெரிந்ததால் ஆட்டுக்காரர் என்கிறேன். மற்றவர் என்னைவிட மூத்தவர், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சேட்டு, எந்த மண்டபத்திலும் முன்வரிசையில் இருந்து பழகிய உடம்பு. அவர் பெரியவர்.

அறுபத்து மூன்று வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் கிடைத்தார்.

"தம்பி, உந்த மேல்தட்டில இருக்கிறதை ஒருக்கா எடும் பாப்பம்."

எடுத்தேன். வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, நீட்டியிருந்த அவருடைய கையில் கொடுத்தேன். லைசென்ஸ் கேட்கவில்லை. எப்படி நடந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். ஒரு நொடிதான். கை நீட்டியவர் மூத்தவர், பக்கத்தில் நின்றவர் இளையவர். என் கை தானாகப் போனது. பந்தியில் யாருக்கு முதலில் பரிமாறுவது என்று கைக்குத் தெரிவது போல.

அவர் அதை வலது தோளில் வைத்து, சுவரில் மாட்டியிருந்த கடமான் தலையைக் குறிபார்த்தார். பாரம் அளவு, பிடி நல்லது என்றார். பிறகு திரும்பி ஆட்டுக்காரரிடம், உனக்கு இது காணும் என்றார். ஆட்டுக்காரர், ஓம் அண்ணை என்றார். அவர் ரைபிளைத் தொடவே இல்லை.

என்ன சுடப்போகிறீர்கள் என்று ஆட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர்தான் பதில் சொன்னார்: பெடியன் வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறான், கொயோட்டி வந்து ஆட்டைப் பிடிக்கிறது. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த மிருகத்தை இங்கே பார்த்திருப்பீர்கள், ஸ்காபரோப் பள்ளத்தாக்குகளுக்குள்ளேயே திரிகிறது. எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கேட்டேன். அதற்கும் பெரியவர். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டி இருக்கிறதா? அதற்கும் அவரே. பண்ணையே அவருடையதோ என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் எனக்கு விழிப்பு வந்தது. லைசென்ஸைக் கேட்டேன். ஆட்டுக்காரர் கொடுத்தார், ஒழுங்காக இருந்தது. பெரியவரிடமும் கேட்டேன்.

"அது ரினியூவுக்குப் போட்டிருக்கு தம்பி. உங்கட அரசாங்கம் தெரியும்தானே."

அந்த நொடி வரைக்கும் எனக்கு ஓர் அரசாங்கம் இருப்பது எனக்கே தெரியாது. ரைபிளை அவருடைய கையிலிருந்து மெதுவாக வாங்கி என் பக்கம் வைத்தேன். போன் நம்பரை எழுதித் தரும்படி ஆட்டுக்காரரிடம் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்தேன். உண்மையில் நம்பர் எனக்குத் தேவைப்படவில்லை, கையைப் பார்க்கத்தான். அவர் இடக்கையால் எழுதினார். வலது தோளில் வைத்து அளவெடுத்த ரைபிளை இடக்கைக்காரர் வாங்குகிறார். போதாததற்குப் பெரியவர் தன் கிரெடிட் காட்டை நீட்டினார்.

"என்ரை காட்டில போடும். பொயின்ற்ஸ் வரும்."

உலகத்தில் வேறு எந்த இனத்து ஆளும் துப்பாக்கிக் கவுண்டரில் இதைச் சொல்லியிருக்கமாட்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் பொலிஸுக்குப் போன் எடுத்திருப்பேன். இவரை எனக்குத் தெரியும். இவருடைய நூறு பிரதிகளை வாழ்க்கையில் சந்தித்திருக்கிறேன். கடையில் ரிவி வாங்கினாலும் இப்படித்தான் பொயின்ற்ஸுக்காகக் காட்டை நீட்டுவார். அதுவே எனக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது. 'எங்கட ஆக்களை எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் ஓடத் தொடங்கினால் விதிகள் எல்லாம் பின்னால் நின்றுவிடும்.

இன்றைக்கு விற்க முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. பெரியவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"வெள்ளைக்காரன் நிண்டிருந்தா இவ்வளவுக்கு வீட்டை போயிருப்பம். எங்கட ஆக்களுக்கு எங்கட ஆக்கள்தான் சனியன். தம்பி, நீர் கனடாவில என்ன படிச்சனீர், சி.ஐ.டி. வேலையோ?"

வாசலில் ஆட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரின் முகம்.

விற்பனையை மறுத்ததைப் பதிவேட்டில் எழுதினேன். நேரம், காரணங்கள், ஒன்று இரண்டு மூன்று. ரைபிளை லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்ததை எழுதவில்லை. தோட்டாப் பெட்டிகள் அடுக்கிய பக்கத்தில் மனேஜர் நின்றிருந்தார். நியூஃபவுண்ட்லாந்துப் பெண், என்னைவிட இருபது வயது இளையவர், மீன்பிடிக் குடும்பம், பேச்சு குறைவு. அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மூன்று நாளாக அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆட்டுக்காரர் தனியாக வந்தார்.

போனை எடுத்துப் படங்களைக் காட்டினார். விவரிக்கமாட்டேன். கோடைகாலம் தொடங்கி அதுவரை நான்கு ஆடுகள் போயிருந்தன. நான் விற்க மறுத்து அனுப்பிய சனிக்கிழமைக்கும் இந்தச் செவ்வாய்க்கும் இடையில் இன்னும் மூன்று. அதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, திகதியைத்தான் சொன்னார். திகதி போதுமாக இருந்தது.

கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் பெல்ற் என்கிற ஓடும் பட்டைக்கு முன்னால் பத்து வருடம் நின்றவர். கையில் இருந்ததையெல்லாம் அந்தக் காணியில் போட்டிருந்தார். மனைவி கிழமையில் ஐந்து நாளும் முதியோர் இல்லத்தில் வேலை. பட்டியில் இருபத்திரண்டு ஆடுகள் சினையாக நின்றன. நாய் வைத்தாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, வேலியை உயர்த்தியாயிற்று.

"இந்தச் சினை ஆடுகளும் போனா நான் திரும்பவும் பெல்ற்றிலதான் அண்ணை நிக்கவேணும். இந்தமுறை நிக்க முதுகும் இல்லை."

சனிக்கிழமை பெரியவரிடம் கேட்ட கேள்விகளையே திரும்பக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில். எங்கிருந்து வருகிறது, எத்தனை அடியில் நிற்கும், சுட்டால் பின்னால் மண்திட்டு இருக்கிறதா, அயல் வீடு எந்தப் பக்கம், பெட்டியின் திறப்புச் சாவி யாரிடம். வகுப்பில் படித்த பதில்கள் அல்ல, ஒவ்வோர் இரவும் நின்று பார்த்தவருடைய பதில்கள். சனிக்கிழமை வாய் திறக்காத அதே மனிதர்.

எனக்குக் கிட்டத்தட்ட நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வரும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். எது வேண்டும் என்று கேட்டேன்.

"அண்ணை பாத்ததுதான்."

என்னிடம் ஒரு சோதனை உண்டு. ஆங்கிலக் கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் வேறு ஒன்றைக் காட்டுங்கள். தனக்காக வாங்குபவர் உங்களோடு வாதாடுவார், அதைக் கையில் எடுப்பார், குறை சொல்வார், பாதி வழியில் மனம் மாறுவார். இன்னொருவருக்காக வாங்குபவர் திரும்பியும் பார்க்கமாட்டார். அவர் கையில் இருப்பது வேறொருவர் எழுதிக் கொடுத்த பட்டியல். அதைத் திருத்த அவருக்கு அதிகாரமில்லை.

நீர் இடக்கைக்காரர் அல்லவோ என்றேன். ஓம் என்றார். இந்த ரைபிளின் வெற்றுத் தோட்டா உம்முடைய முகத்துக்கு முன்னால் பறக்கும் என்று காட்டினேன். பழகிப்போம் என்றார். இடக்கைக்காரருக்கென்று ஒன்று எடுப்பிக்கலாம் என்று படத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அவர் பார்க்கவில்லை.

"இல்லை அண்ணை. அவர் பாத்ததையே தாங்கோ."

சோதனை முடிந்தது, அவர் தவறிவிட்டார். ஆடுகளும் அவர் சொன்ன கஷ்டமும் உண்மையாக இருக்கலாம். ரைபிள் பெரியவருக்குத்தான் போகிறது. இப்படித்தான் முடிவுகட்டினேன். மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது மனேஜர் கோப்பிக் குவளையோடு பக்கத்தில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. தமிழ் தெரியாதவர், ஆனால் திருப்பி வைத்த படமும் அதைப் பார்க்காத முகமும் அவருக்கு விளங்கின. காலை வணக்கம் சொல்லிவிட்டு ஆட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சனிக்கிழமை உங்களோடு வந்தவர் இதை ஒருநாள் இரவல் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதினொரு உபதலைப்பிலும் இல்லாத கேள்வி. இந்த ரைபிள் யாருக்கு என்று நான் நான்கு விதமாகக் கேட்டிருந்தேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர் இதற்குத் தலையைக் குனிந்தார். தொப்பியைக் கழற்றினார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். இவர் கனடாவுக்கு வந்த வருடம், அந்தப் பெரியவர்தான் மோர்னிங்சைட்டில் தன் வீட்டு நிலவறையில் இவரை எட்டு மாதம் வாடகை வாங்காமல் வைத்திருந்தவர். பெல்ற் வேலையும் அவர் எடுத்துக் கொடுத்ததுதான். மூத்த பிள்ளைக்கு ஞானத்தகப்பன். ஞாயிறு பூசை முடிந்தால் பண்ணைக்கு வருவார், காட்டோரம் நின்று மானைப் பார்ப்பார், ஒருநாளைக்கு ஒன்றை விழுத்த வேண்டும் என்பார். ரைபிள் தனக்குத்தான், ஆட்டுக்காகத்தான், அது சத்தியம். ஆனால்.

"ஆனா அவர் வந்து கை நீட்டினா நான் எப்பிடி அண்ணை இல்லை எண்டுறது? நீங்களும் அண்டைக்கு அவரிட்டைத்தானே முதல் குடுத்தனீங்கள்."

அவர் குத்திக் காட்டவில்லை. இன்னொரு நோயாளியிடம் பேசுவது போலத்தான் சொன்னார்.

மனேஜர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

பார்க்டேல் காலத்திலிருந்து எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தை விழுங்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் கதை இன்னும் நேராகத்தான் இருக்கும். ஓய்வுக்கு இரண்டு வருடமே இருந்தது. விதியை மீறியவர் கவுண்டரில் நிற்கக்கூடாது என்பதும் விதிதான். கடைக்கு அதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஆட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முழுவதையும் சொன்னேன். கடைசி வாக்கியத்தையும்.

"தெரியும், பார்த்தேன்," என்றார் மனேஜர். "நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்."

அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் முழுவதும் என்னை மீண்டும் தூண்டில் பக்கம் நிற்க வைத்தார். அது வேறு கதை.

ஆட்டுக்காரரிடம் திரும்பி, இன்றைக்கு விற்கமாட்டோம் என்றார். லைசென்ஸ் இல்லாதவருக்குத் துப்பாக்கியைக் கொடுத்தால் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி, அது உங்களுக்குத் தெரியும் என்றார். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இல்லை என்று சொல்ல முடியாத வீட்டுக்குத் துப்பாக்கி போகக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

எனக்கு ஓர் உபாயம் தோன்றியது. இடக்கை ரைபிளை எடுப்பித்துக் கொடுத்தால் பெரியவர் வலது தோளில் வைக்கும்போது வெற்றுத் தோட்டா அவருடைய மூக்குக்கு முன்னால் பறக்கும். அவராகவே வேண்டாம் என்பார், இவர் வாய் திறக்கத் தேவையில்லை. மனேஜரிடம் காதோடு சொன்னேன். என் புத்தியைப் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"இவர் தன் வாயால் சொல்ல வேண்டியதை இரும்பு சொல்லக்கூடாது," என்றுவிட்டுப் போனார்.

இதை ஆட்டுக்காரருக்கு விளங்கப்படுத்துவது என் வேலையாயிற்று. அறுபத்து மூன்று வருடம் மூத்தவர்களுக்கு முதலில் கொடுத்த கையை வைத்துக்கொண்டு என்ன புத்தி சொல்வது? தம்பி, நீர் அவரிடம் இல்லை என்று சொல்லும் நாளில் வாரும், அன்றைக்கும் நான் இந்தக் கவுண்டரில் இருந்தால் நானே எடுத்துத் தருவேன் என்றேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தன் பிக்கப் ரக்குக்குள் ஏறி இருந்தார். போகவில்லை. கையில் போன் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு காதில் வைத்தார். வாய் அசைந்தது, கொஞ்ச நேரந்தான். போனை மடியில் வைத்துவிட்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சந்தேகப்படுபவன். யாருக்கு எடுத்தாரோ. மனைவிக்காக இருக்கலாம். ஒருவருக்கும் எடுக்காமல், நான் பார்க்கிறேன் என்று தெரிந்து வாயை மட்டும் அசைத்திருக்கலாம். இப்போது வந்து, சொல்லிவிட்டேன் அண்ணை என்பார். எதை வைத்து நம்புவது? லைசென்ஸ் சரியா என்று பார்க்க ஒரு நம்பர் இருக்கிறது. ஒரு மனிதன் இல்லை என்று சொன்னானா என்று பார்க்க எந்த நம்பருக்கு அடிப்பது?

அப்போது கடையின் போன் அடித்தது.

"நீர்தானே அந்தத் துவக்குக் கவுண்டரில நிக்கிற ஆள்? என்ரை பெடியனுக்கு என்னத்தை ஓதிவிட்டனீர்? பதின்மூண்டு வருசம், எனக்கு முன்னால சத்தம் வைச்சறியாதவன். இப்ப எடுத்துச் சொல்லுறான், துவக்கு வாங்கினா உங்களுக்குத் தரேலாது அண்ணை, கேட்காதேங்கோ எண்டு. எனக்குச் சொல்லுறான்."

ஓம் அண்ணை, சொல்லுங்கோ என்றேன். அவர் சொன்னார். என் படிப்பு, என் ஊர், நான் யாருடைய சப்பாத்தைத் துடைக்கிறேன் என்பதெல்லாம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஆடும் நாடகமோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். என் புத்தி அப்படிப்பட்டது. பிறகு அவருடைய குரல் இறங்கியது.

"எட்டு மாசம் என்ரை வீட்டில வைச்சுப் பாத்தனான் தம்பி, அவனை," என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

பதினைந்து வருடத்தில் எத்தனையோ அத்தாட்சிகளைச் சரிபார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான ஒன்று கையில் வந்ததில்லை. அதைச் சந்தோசமாகப் பெற்றுக்கொள்ளவும் முடியவில்லை.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஆட்டுக்காரர் கவுண்டருக்கு முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது. சொல்லிவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. மேல்தட்டைப் பார்க்காமல், நான் முதலில் திருப்பி வைத்த படத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"இடக்கைக்காரருக்கு இதைவிடப் பாரம் குறைஞ்சது இல்லையோ அண்ணை? இது நீளமாயும் கிடக்கு."

குறை சொன்னார். எனக்கு முன்னால் முதல் தடவையாக.

மனேஜரிடம் போய், பெரியவர் போனில் சொன்னதை மொழிபெயர்த்தேன். அவர் சரி என்று தலையை அசைத்தார். எடுப்பிக்க மூன்று கிழமை ஆகும், அதற்கு முன் தர முடியாது என்று ஆட்டுக்காரரிடம் சொன்னேன். மூன்று கிழமை என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சினை ஆடுகளை எண்ணினார் போல. (அந்த மூன்று கிழமையில் இன்னும் இரண்டு போயின. அதை உங்களிடம் மறைப்பது சரியல்ல.) ஓம் என்றார்.

நீளம் சரியா என்று பார்க்க வேறு ஒரு ரைபிளைத் தட்டிலிருந்து எடுத்தேன். அவருடைய லைசென்ஸைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மேசையில் வைத்தேன்.

"கோட்டு எங்கை?" என்று கேட்டேன்.

"ரக்குக்குள்ளை கிடக்கு."

"போட்டுக்கொண்டு வாரும்," என்றேன். மறுபேச்சில்லாமல் போனார்.